கரையானும் கணிப்பொறியும்

மதுரை என்றால் சங்கம், சங்கம் என்றால் தமிழ் என்று மேடைதோறும் பேசி மகிழ்கின்றோம். 1901-ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவர் இம்மாநகரில் தமிழ்ச் சங்கம் கண்டதையும், அடுத்த ஆண்டே அச்சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ் பிறந்ததையும் தமிழ் மன்றத் தொடக்க விழாக்களில் தவறாது நினைவு கூர்கின்றோம். இந்நகரின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பணி இன்னொன்றும் உண்டு. அதனை நம் மாணவருட் பலர் அறியார். ஆசிரியருள்ளும் சிலர் அறியார் என்று சொல்வதில் எனக்கு நாணமுண்டு. அதன் பெயர் 'மதுரைத் திட்டம்'.

1998-ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் அத்திட்டம் தொடங்கப் பெற்றது. தலைமை ஏற்றவர் சுவிட்சர்லாந்து நாட்டு லொசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம். துணை நின்றவர் அமெரிக்காவில் வாழ்ந்த முனைவர் குமார் மல்லிகார்ச்சுனன். பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதிப் பிழை திருத்தி, எவரும் விலையின்றிப் பெறுமாறு இணையத்தில் வைப்பதே நோக்கம். முதல் வெளியீடு திருக்குறள். பல நாடுகளிற் சிதறி வாழ்ந்த தமிழர்கள், அலுவல் முடிந்து வீடு திரும்பிய பின் இரவில் அமர்ந்து ஊதியமின்றித் தட்டெழுதினர். நூற்றுக்கணக்கான நூல்கள் இவ்வாறு இணையம் ஏறின. நம் சீறாப்புராணமும் அவற்றுள் ஒன்று. இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கல்யாணசுந்தரனார் தமிழ்ப் பேராசிரியர் அல்லர், வேதியியல் அறிஞர். தமிழைக் கற்று, தமிழைக் கற்பித்து, தமிழால் ஊதியம் பெறும் நாம் செய்யத் தவறிய பணியை, தமிழால் ஒரு காசும் பெறாதவர்கள் செய்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயரோ நம் ஊர்ப் பெயர்!

இலக்கியங்களை அவர்கள் காத்துவிட்டார்கள். தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்று 2001-இல் தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் அரசு நிறுவனமும் தன் மின்னூலகத்தில் அரிய அச்சு நூல்களைப் படமெடுத்து வைத்துள்ளது. இவை நிற்க. அவ்விலக்கியங்களைப் பற்றி நம் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் எழுதப்பெற்ற ஆய்வுகளின் நிலை என்ன? எம்.ஃபில். ஆய்வேடுகள், கருத்தரங்கக் கட்டுரைகள், மாநாட்டு மலர்கள், இப்பொழுது உங்கள் கையிலிருக்கும் இதைப் போன்ற துறை மலர்கள் ஆகியன எங்கே இருக்கின்றன? எத்தனை ஆண்டுகள் இருக்கும்? இவ்வினாவைப் பொதுவாக எழுப்பிப் பொதுவாக விடை கூறுவதைவிட, என் கதையையே சொல்லிவிடுவது நன்று.

2003-ஆம் ஆண்டில் எம்.ஃபில். பட்டத்துக்காக மதுரை வட்டாரத்து முனாஜாத்துப் பாடல்களை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டேன். இறைவனிடம் இறைஞ்சும் பாடல்களே முனாஜாத்துகள் என்பதை அறிவீர்கள். அச்சில் வந்த முனாஜாத்துகள் பல உண்டு. நான் தேடியவை அச்சேறாதவை. சமயநல்லூரிலிருந்து சோழவந்தான் வரையுள்ள ஊர்களில், வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குச் சென்று வந்த குடும்பங்களின் மூதாட்டியர் சிலர் அவற்றை மனத்தில் வைத்திருந்தனர். ரமலான் இரவுகளில் பாடுவார்கள். பிள்ளை காய்ச்சலில் கிடந்தால் தலைமாட்டில் அமர்ந்து பாடுவார்கள். ஏழு மாதங்கள் அலைந்து அறுபத்து மூன்று பாடல்களைத் திரட்டினேன். "எழுதிக்கிட்டுப் போயி என்னத்தா செய்யப் போறே?" என்று ஒரு மூதாட்டியார் கேட்டார். "எழுதி வைத்தால் அழியாது, நன்னி" என்று விடை சொன்னேன். அந்த விடையை நினைக்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

ஆய்வேடு நான்கு படிகள் கட்டப்பெற்றது. ஒன்று பல்கலைக்கழகத்துக்கு, ஒன்று துறைக்கு, ஒன்று நெறியாளருக்கு, ஒன்று எனக்கு. என் படியை இளம் ஆய்வாளர் ஒருவர் 'பத்தே நாளில்' தருவதாகப் பெற்றுச் சென்றார். இன்னும் அந்தப் பத்து நாள் முடியவில்லை. நெறியாளர் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, அவருடைய ஆய்வேட்டுக் கட்டுகள் எடைக்குப் போயின. அவரைக் குறை கூற மாட்டேன். முப்பது ஆண்டு ஆய்வேடுகளை இரண்டு அறை வீட்டில் எங்கே வைப்பது? துறைப் படி இருந்த மர அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தனர். சுவர் வழியே கரையான் ஏறியது. அட்டை மட்டும் அழகாக இருந்தது. கையில் எடுத்தபோது உள்ளே மண். பல்கலைக்கழகப் படியைத் தேடி மூன்று முறை சென்றேன். 'கட்டுக்குள் இருக்கிறது, எந்தக் கட்டு என்று தெரியவில்லை' என்றனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

பின்னர்தான் நெகிழ்தட்டு நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டு மரப்பெட்டியில், அத்தாவின் நிலப் பத்திரங்களோடு அதை வைத்திருந்தேன். அதைப் படிக்கும் கருவி பொருத்திய கணிப்பொறி கல்லூரியில் ஒன்றுகூட இல்லை. மதுரையில் பழைய கணிப்பொறிகளைப் பழுது பார்க்கும் கடை ஒன்றில் கிடைத்தது. கோப்பு திறந்தது. நானும் எழுந்து நின்றுவிட்டேன். திரையில் தமிழ் இல்லை! ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் பக்கம் பக்கமாக ஓடியது. அக்காலத்தில் அச்சகத்துக்கு ஒரு எழுத்துரு, தட்டச்சு நிலையத்துக்கு ஒரு எழுத்துரு. ஒவ்வொன்றிலும் 'அ' ஓரிடத்தில், 'க' வேறோரிடத்தில். எந்த எழுத்துருவில் தட்டினார்களோ அந்த எழுத்துரு இருந்தாலன்றி அக்கோப்பு ஊமை. தட்டித் தந்த நிலையம் மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

நம் துறையின் பழைய மாணவர் ஒருவர், மென்பொருள் துறையில் இருப்பவர், மாற்றிக் கருவிகளைக் கொண்டு ஒருவாறு அதனை ஒருங்குறிக்குக் கொணர்ந்து தந்தார். தமிழ் எழுத்துகள் வந்துவிட்டன. வராதவை எவை தெரியுமா? ஜ, ஷ, ஸ, ஹ. அந்தத் தட்டச்சு நிலையத்தார் கிரந்த எழுத்துகளைத் தம் வசதிக்கேற்ப இடம் மாற்றி வைத்திருந்தனர் போலும். இஸ்லாமியத் தமிழ்ப் பாடலில் ஹ-வும் ஸ-வும் போய்விட்டால் எஞ்சுவது என்ன? 'ரஹ்மான்' என்ற இடத்தில் ஒரு கட்டம். 'ரஸூல்' என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி. பெரும்பாலான சொற்களைப் பொருள் கொண்டு நிரப்பிவிட்டேன். ஐந்து பாடல்களில் இன்னும் ஐயம் தீரவில்லை. கேட்டுத் தெளியலாம் என்றால், பாடிய மூதாட்டியரில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை.

இது தனி ஒருவரின் கதையன்று. 1980-களின் இறுதியிலிருந்து 2000-களின் இடைப்பகுதி வரை கணிப்பொறியில் தட்டெழுதப்பெற்ற தமிழ் ஆய்வுகள் பெரும்பாலானவற்றுக்கும் இந்த இடர்ப்பாடு உண்டு. ஒருங்குறியில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாட்டரசு 1999-இல் 'டாம்', 'டாப்' என்னும் குறியீடுகளைத் தரப்படுத்தியது. 2010-இல்தான் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. இடைப்பட்ட காலத்தில் அவரவர் விரும்பிய எழுத்துருவே ஆட்சி செய்தது. கரையான் தின்ற ஏட்டை விட இது கொடியது என்பேன். கரையான் தின்றது என்றால் போயிற்று என்றாவது அறிவோம். இதுவோ இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போதே போயிருக்கிறது.

எம்.ஃபில். ஆய்வேடுதானே, அதில் என்ன பெரிய ஆராய்ச்சி என்று சிலர் எண்ணக் கூடும். அவ்வாறு எண்ணுவோர்க்குப் பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்களை நினைவூட்டுகின்றேன். இலங்கையிற் பிறந்த அப்பெருமகனார், தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணி குறித்து 1950-களின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் அளித்த ஆய்வேடு முதுகலைப் பட்டத்துக்கு உரியதே. அது நூலாக வந்தது. அந்த ஒரு நூலிலிருந்துதான் இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்னும் ஆய்வுத்துறை வேர் பிடித்து வளர்ந்தது. பின்னாளில் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்து, பேராசிரியர் பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதியளித்தார். 1996-இல் மறைந்தார். அவருடைய முதுகலை ஆய்வேடு அச்சேறாமல் ஒரு கட்டுக்குள் கிடந்திருந்தால், நாம் இன்று பேசும் பொருளிற் பாதி நமக்குப் பேசக் கிடைத்திராது.

ஒரு துறைக்குத் தோற்றம் தரும் ஆய்வேடு எந்த நிலைப் பட்டத்துக்கு எழுதப்பெறும் என்பதை எவரும் முன்கூட்டி அறிய இயலாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறை, ஆய்வேடுகளின் மின்படியைப் பல்கலைக்கழகங்கள் அளிக்க வேண்டும் என்றது. காந்திநகரிலுள்ள 'இன்ஃப்ளிப்நெட்' நிறுவனம் 'சோத்கங்கா' என்னும் தளத்தில் அவற்றைத் தொகுத்து வருகின்றது. நல்ல பணி. ஆயினும் அங்கே மிகுதியும் இருப்பவை முனைவர் பட்ட ஆய்வேடுகளே. எம்.ஃபில். பட்டமோ 2022-ஆம் ஆண்டு விதிமுறையோடு முடிவுக்கு வந்துவிட்டது. பட்டமே இல்லாமற் போன பிறகு அதன் ஆய்வேடுகளை யார் கேட்பார்? ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நம் இளைஞர்கள் ஊர் ஊராய் அலைந்து திரட்டிய நாட்டுப்புறப் பாடல்களும், ஊர்ப்பெயர் ஆய்வுகளும், வட்டார வழக்குச் சொற்களும் அந்த ஆய்வேடுகளில்தான் உறங்குகின்றன. அவற்றிற் பல மேலோட்டமானவை என்பதை மறுக்கவில்லை. முதல் இயல் முழுவதையும் முன்னோர் நூலிலிருந்து எடுத்து ஒட்டியவையும் உண்டு. ஆனால் பின்னிணைப்பு என்று ஒன்று இருக்கிறதே, அங்கே கள ஆய்வில் திரட்டியது அப்படியே இருக்கும். நான் ஆய்வேடுகளைப் பின்னிருந்து படிப்பவன்.

காத்தல் என்பது எத்துணைத் தற்செயலாக நடந்திருக்கிறது என்பதற்கு நம் இலக்கிய வரலாறே சான்று. தமிழ் முஸ்லிம்களின் இலக்கியங்களுள் மிகப் பழையது என்று கருதப்பெறும் பல்சந்தமாலை முழுமையாகக் கிடைக்கவில்லை. களவியற்காரிகை என்னும் அகப்பொருள் இலக்கணத்தின் உரையாசிரியர் தம் உரையில் மேற்கோளாக எடுத்தாண்ட எட்டுப் பாடல்கள் மட்டுமே நமக்கு வாய்த்தன. ஓர் உரையாசிரியர் தம் வகுப்புக்கு எடுத்துக்காட்டுத் தேடியதால் எட்டுப் பாடல் பிழைத்தது, ஏனையவை போயின. சீறாப்புராணத்துக்கு அந்நிலை வாராமற் காத்தவர் புலவர் நாயகம் சேகு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள். அவர் 1842-இல் அதனை அச்சிட்டார். அக்காலத்தில் அச்சு என்பது இன்றைய கணிப்பொறியைப் போலப் புதியது. ஏட்டிலேயே இருக்கட்டும் என்று அவர் விட்டிருந்தால்? உ.வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிச் சென்று, அவை தீயில் இடப்பெற்றுவிட்டன என்று கேட்டு நெஞ்சுடைந்து திரும்பியதை அவரே எழுதி வைத்திருக்கின்றார்.

மாநாட்டு மலர்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். உலக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு முதன்முதல் 1973-இல் திருச்சிராப்பள்ளியில் நடைபெற்றது. பின்னர் கொழும்பில் 1979-இலும், கீழக்கரையில் 1990-இலும் எனத் தொடர்ந்தது. இம்மாநாடுகளின் மலர்களும் ஆய்வுக்கோவைகளும் நம் துறையின் அடிப்படைச் சான்றுகள். பேரறிஞர்கள் வேறெங்கும் எழுதாத செய்திகளை அவற்றில் எழுதினார்கள். கடையில் விற்ற நூல்கள் அல்ல. விழாவுக்கு வந்தவர்கள் கையில் பெற்றுச் சென்றவை. எனவே பொது நூலகங்களில் இவற்றைக் காண்பது அரிது. இருப்பவை வீடுகளில் உள்ளன. பரண்மேல், விளம்பரப் பக்கங்களில் தம் கடையின் பெயர் வந்திருக்கிறது என்பதற்காகப் பாதுகாக்கும் வணிகப் பெருமக்களின் அலமாரிகளில். விளம்பரத்துக்காகக் காத்தாலும் கட்டுரையும் சேர்ந்தே பிழைத்ததே, அல்ஹம்து லில்லாஹ். அந்த விளம்பரப் பக்கங்களையும் தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. மதுரையில் எந்தத் தெருவில் யார் என்ன வணிகம் செய்தார் என்பதற்கு நாளைய வரலாற்றாசிரியர் அவற்றைத்தான் புரட்டுவார்.

தனி ஒருவர் திரட்டியதால் பிழைத்தவை எத்துணை என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் எடுத்துக்காட்டு. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர், நூல், இதழ், துண்டறிக்கை, அழைப்பிதழ் என ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைத் திரட்டி வைத்துவிட்டு 1992-இல் மறைந்தார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது. ஆனால் நாட்டை விட்டு எடுத்துச் செல்லாமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கிற்று. தமிழ்நாட்டுச் செல்வந்தர் எவரும் வாங்க முன்வராததை நாம் வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ஆம் ஆண்டு மே இறுதி, சூன் தொடக்க இரவில் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. அந்தச் சாம்பலிலிருந்து கற்றவர்களே, 2005-இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். இலங்கை முஸ்லிம்களின் நூல்களும் இதழ்களும் அதில் இடம்பெற்றுள்ளன. போரின் நடுவே அவர்கள் செய்ததை, அமைதியாக வாழும் நாம் செய்யவில்லை.

கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்ற மயக்கமும் கூடாது. இங்கிலாந்தில் 1086-ஆம் ஆண்டு எழுதப்பெற்ற 'டூம்ஸ்டே' நிலக் கணக்கேடு இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. அதன் தொள்ளாயிரமாம் ஆண்டு நினைவாக 1986-இல் பி.பி.சி. நிறுவனம் பள்ளி மாணவர் முதலாகப் பலரைக் கொண்டு பெருந்தொகுப்பு ஒன்றை உருவாக்கி லேசர் தட்டில் பதிந்தது. பதினைந்து ஆண்டுகள் கழிவதற்குள் அத்தட்டைப் படிக்கும் கருவியே அரிதாகிவிட்டது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரிதும் முயன்று அதனை மீட்க வேண்டியதாயிற்று. தோலில் எழுதியது ஒன்பது நூற்றாண்டு நின்றது. தட்டில் எழுதியது பதினைந்தே ஆண்டில் தள்ளாடியது. இணையத்திலும் இதே கதைதான். யாஹூ நிறுவனம் 'ஜியோசிட்டீஸ்' என்னும் இலவச இடத்தை 2009-இல் மூடியபோது அங்கே குடியிருந்த எண்ணற்ற பக்கங்கள் மறைந்தன. பிரிட்டிஷ் நூலகத்தை 2023 அக்டோபரில் இணையத் தாக்குதல் முடக்கியது. அதன் மின்பட்டியல் மாதக்கணக்கில் கிடைக்கவில்லை. 1996-இல் தோன்றி உலகின் ஆவணக் களஞ்சியமாக விளங்கும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' கூட 2024 அக்டோபரில் சில நாட்கள் முடங்கிற்று.

இதற்கு மருந்து ஒன்றே: பல படிகள், பல இடங்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தார் 1990-களின் இறுதியில் இக்கொள்கையின்மேல் ஒரு பாதுகாப்பு முறையையே அமைத்தனர். நமக்கு இது புதிதன்று. ஹழ்ரத் உதுமான் (ரலி) அவர்களின் காலத்தில் திருக்குர்ஆன் படிகள் எழுதப்பெற்று ஒரே நகரில் வைக்கப்படாமல் பல நகரங்களுக்கு அனுப்பப்பெற்றதை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே படிக்கின்றனர். எழுதிய படிகள் ஒருபுறம். நெஞ்சில் ஏந்திய ஹாபிழ்கள் மறுபுறம். ஒன்று போனால் மற்றொன்று. நம் துறை நூலகத்தில் ஒரே பிரதி, ஒரே அலமாரி, ஒரே சாவி. அந்தச் சாவியும் விடுப்பில் இருப்பவரிடம்!

ஆய்வேடுகளை இணையத்தில் இடலாம் என்று ஆசிரியர் அவையிற் பேசும்போதெல்லாம் ஒரு தடை எழும்: "திருடிவிடுவார்கள்." நான் வேறுவிதமாக எண்ணுகின்றேன். அலமாரியில் ஒளிந்து கிடக்கும் ஆய்வேட்டைத்தான் எளிதாகத் திருடலாம். மூலத்தைப் பார்த்தவர் எவரும் இல்லையே. நாளிட்டுப் பொதுவில் வைத்த ஆய்வேட்டைத் திருடுகிறவர் அகப்படுவார். உண்மையான அச்சம் வேறு என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. நம்முடையது எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துவிடுமே என்னும் அச்சம் அது. இதற்குமேல் இதை விரிக்க வேண்டாம்.

உரிமை பற்றிய தடை நேர்மையானது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் உரிமை நிலைக்கின்றது. எனவே 1973 மலரில் எழுதியவர்களின் கட்டுரைகளை அவர்கள் அல்லது அவர்தம் வாரிசுகள் இசைவின்றி வெளியிடல் கூடாது. ஆனால் இசைவு கேட்பதற்கு ஓர் அஞ்சலட்டை போதும். இதுவரை நான் கேட்ட பதினொரு குடும்பத்தாரில் ஒருவர்கூட மறுத்ததில்லை. 'அத்தா எழுதியதா? எங்களுக்கும் ஒரு படி கொடுங்கள்' என்றுதான் கேட்டனர். இசைவு கிடைக்காதவற்றை வெளியிட வேண்டா. பாதுகாத்து மட்டும் வைக்கலாம். வெளியிடுவது வேறு, காப்பது வேறு என்ற வேறுபாட்டை நாம் மறந்துவிடுகின்றோம்.

மின்னிதழ்கள் இருக்கின்றனவே என்பாரும் உளர். பணம் பெற்றுக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்கள் காளான்போல் முளைத்தன. மானியக் குழு 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் 4,305 இதழ்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிற்று. அவ்வகை இதழ்களிற் சில, பதவி உயர்வுக் காலம் முடிந்ததும் தளத்தோடு மறைந்துவிடுகின்றன. கட்டணம் கட்டிய ஆசிரியரிடம் சான்றிதழ் இருக்கிறது; கட்டுரை இல்லை. அதற்கு நம் கல்லூரி மலர் எவ்வளவோ மேல், தாளாவது மிஞ்சும்.

செய்ய வேண்டியது என்ன? பெருந்திட்டம் எதுவும் எனக்குத் தெரியாது. கண்டதைச் சொல்கின்றேன். இருநூறு பக்க மலர் ஒன்றை வருடியில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் படமெடுக்க இரு மாணவர்க்கு ஒரு பிற்பகல் போதும். படத்திலிருந்து எழுத்தை அறியும் மென்பொருள் இன்று தமிழுக்கும் உண்டு. 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருமுன் அச்சானவற்றில் பழைய ணை, லை, றா வடிவங்களில் அது தடுமாறும். அங்கே மனிதக் கண் வேண்டும். தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர்க்கு மெய்ப்புத் திருத்தலைவிட நல்ல பயிற்சி வேறு ஏது? அரபுத் தமிழ் நூல்கள் இதனினும் கடினமானவை. அரபு எழுத்தில் எழுதிய தமிழைப் படிக்கத் தெரிந்த மூத்தோர் குறைந்து வருகின்றனர். எனவே அவற்றை இப்போது படமாகவாவது எடுத்து வைத்து, படிக்கத் தெரிந்தோரைக் கொண்டு படிக்கச் செய்து குரலையும் பதிந்து வைக்க வேண்டும். கோப்பின் பெயரில் நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு, யார் வீட்டுப் படி என்பன இருத்தல் வேண்டும். கைப்பேசியில் எடுத்து எண்களே பெயராகக் கிடக்கும் ஆயிரம் படங்கள் இன்னொரு வகைக் கரையான் புற்று.

பணம்? வருடியின் விலை, விழாப் பந்தலுக்கு நாம் ஓராண்டில் தரும் வாடகையை விடக் குறைவு. நிருவாகப் பெருமக்கள் கட்டடத்துக்குக் கல் நாட்டத் தயங்கியதே இல்லை. அவர்களின் ஈகையால்தான் நான் இந்த வகுப்பறையில் நின்று பேசுகின்றேன். கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு, கோப்புக்கு இல்லை என்பதே இடர் என்றால், ஒவ்வொரு மின்படியின் முதற்பக்கத்திலும் உதவியவர் பெயரைப் பொறிக்க நான் முன்னிற்பேன். ஆனால் ஒன்று வேண்டும். இப்பணி ஓர் ஆசிரியரின் ஆர்வத்தில் மட்டும் தொங்கக் கூடாது. தர மதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் மட்டும் விளக்கேற்றி, அவர்கள் சென்றதும் அறையைப் பூட்டும் வழக்கம் நமக்குப் பழகிப்போயிற்று. நூலகருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கிக் கால அட்டவணையில் எழுத வேண்டும். கால அட்டவணையில் இல்லாத எதுவும் கல்லூரியில் நடப்பதில்லை.

இம்மலரின் கட்டுரைகள் அனைத்தையும் ஒருங்குறிக் கோப்பாகவே பெற வேண்டும் என்று மலர்க்குழுவில் வற்புறுத்தினேன். மூவர் கையெழுத்தில் தந்தனர். அவற்றை இரண்டாமாண்டு மாணவியர் தட்டெழுதித் தந்தனர். அச்சகத்துக்குச் சென்ற கோப்பின் படிகள் கல்லூரி நூலகத்திலும், துறைத்தலைவரிடமும், சென்னையில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவரிடமும் உள்ளன. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலும் ஒன்றை ஏற்றுவதற்கு எழுதியோர் எல்லாரும் ஒப்புதல் கையொப்பம் இட்டுள்ளனர்.

என்னிடமுள்ள அறுபத்து மூன்று முனாஜாத்துகளையும் ஐயமான இடங்களில் புள்ளியிட்டே பதிந்து வைத்திருக்கின்றேன். சோழவந்தான், தேனூர், சமயநல்லூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் அப்பாடல்களைச் செவிவழி அறிந்த மகளிர் எவரேனும் இருந்தால், அவர்தம் பிள்ளைகள் எனக்குத் தெரிவிக்க வேண்டுகின்றேன். மலர்களும் பழைய நூல்களும் வைத்திருக்கும் பெரியோர்களே, அவற்றை எங்களுக்குக் கொடுத்துவிட வேண்டியதில்லை. வியாழக்கிழமை பிற்பகலில் துறைக்குக் கொணருங்கள். உங்கள் கண்முன்னே படமெடுப்போம். தேநீர் அருந்திக் கொண்டிருங்கள். அஸர் தொழுகைக்கு முன் உங்கள் நூல் உங்கள் கையில் இருக்கும்.